ஆட்சேபங்கள் கை அலம்பப் போகும் வழி

வேள்விமங்கலத்துக்கு ஆட்சேபங்கள் பஸ்ஸில்தான் வரும்.

சாஸ்திரத்தில் இது சரியில்லை, அது பொருந்தவில்லை என்று எங்கேயாவது யாருக்காவது தோன்றும். அந்த எண்ணம் ஒரு ஆளாகிவிடும். கையில் ஒரு பையோடு கும்பகோணத்தில் பஸ் மாறி, மத்தியான வெயிலில் கடைத்தெருவில் வந்து இறங்கும். டிக்கெட் எடுத்திருக்கும். மிச்சச் சில்லறைக்காக கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கும். பூக்கடையில் நின்று, "பண்டிதர் வீடு எது?" என்று கேட்கும். ஊரில் யாரும் இதற்கெல்லாம் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை.

பண்டிதர் என்றால் யக்ஞராமன். மீமாம்சையும் தர்க்கமும் ஒழுங்காகப் படித்தவர். ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல ஊர்ச்சபை அவரை நியமித்திருந்தது. வருகிற ஆளை உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். பிறகு பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் பதிலுக்குப் போகக்கூடாது. எதிராளியின் கேள்வியை, எதிராளியே சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக, பண்டிதர் முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். பூர்வபட்சம் என்று அதற்குப் பெயர். எதிராளி அதைக் கேட்டு "அதேதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். பதில் சரியாகப் பட்டுவிட்டால் எதிராளி "சமாதானம்" என்பார். கை அலம்பிக்கொள்ள நடைவழியாகக் கொல்லைப்பக்கம் போவார். அவ்வளவுதான். திரும்பி வரமாட்டார். கொல்லைக்கதவு வழியாகப் போய்விடுகிறார்கள் என்று யக்ஞராமன் நினைத்திருந்தார்.

அவர் கெட்டிக்காரர். வேதத்தை எந்த வருஷம் எழுதினார்கள் என்று கேட்டுக்கொண்டு ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். வேதத்தை யாரும் எழுதவில்லை, யாரும் எழுதாததற்கு வருஷம் கிடையாது என்றார் யக்ஞராமன். நாடாவில் இருந்த எண்கள் அழிந்துபோயின. அவர் சமாதானம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சூரியனுக்குக் குதிரை எதற்கு என்று கேட்டு ஒரு தடித்த மனிதர் வந்தார். அது தகவல் இல்லை, துதி. துதிப்பதற்காகச் சொன்னதைத் தகவலாக எடுக்கக்கூடாது என்றார். கேட்கக் கேட்க அந்த ஆள் இளைத்துக் காகிதம் மாதிரி ஆனார். அவரை மடித்து நடைவழியில் விட வேண்டியிருந்தது. ஒரே சாமி ஒரு புராணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பிறந்தது எப்படி என்று இரட்டையர் வந்தார்கள். ஒன்று இந்தக் கல்பத்தில், அதாவது இந்த உலகச் சுற்றில், நடந்தது, மற்றது போன கல்பத்தில் நடந்தது என்றார். இரட்டையரில் ஒருவர் அங்கேயே போன கல்பத்துக்குப் போய்விட்டார். மற்றவர் கொஞ்ச நேரம் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சமாதானம் என்றார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ஒவ்வொரு பதிலுக்கும் நடைவழி நீண்டது.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடைவழி அது. யக்ஞராமன் கூடத்தில் இருந்தார். அவர் மனைவி பர்வதம் சமையலறையில் இருந்தாள். முதலில் கூப்பிட்டால் கேட்கும் தூரம். பிறகு கத்தினால் கேட்கும் தூரம். பிறகு போன் வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு நடைவழி நெடுக ஒரு கயிறு கட்டி, அதில் டிபன் காரியரை மாட்டி, பர்வதம் அங்கிருந்து தள்ளிவிடுவாள். காலையில் புறப்பட்ட ரசம் மத்தியானம் வந்து சேரும். ஆறியிருக்கும். யக்ஞராமன் குறை சொன்னதில்லை.

அவளைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு பதில் சொல்லி முடித்த சாயங்காலங்களில் கூடம் விஸ்தாரமாக இருக்கும். எதிரே காலி நாற்காலி. சமாதானம் சொன்னவர் குடித்து வைத்த டம்ளர். அதைக் கழுவக்கூட அவருக்கு மனசு வராது. ஜெயித்தது தெரியும். அதை யாரிடம் சொல்வது என்பது மட்டும் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் தில்லைநாயகி வந்தாள்.

தில்லைநாயகி பாளையங்கோட்டைக்காரி. காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். குட்டை உருவம், கட்டம்போட்ட கைத்தறிச் சேலை, தோளில் ஜோல்னாப் பை. செருப்பை ஓரமாக விட்டாள். நாற்காலியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"காப்பியா?" என்றார் யக்ஞராமன்.

"டீ இருக்குமா?"

இந்த வீட்டில் டீ என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. அவர் பதில் யோசிப்பதற்குள் கயிறு அசைந்தது. டிபன் காரியர் வந்து நின்றது. வழக்கத்தைவிட ஒரு அடுக்கு கூட இருந்தது. மேலடுக்கில் டீ. காலையிலேயே புறப்பட்டிருக்க வேண்டும்.

"உங்க கேள்வியைச் சொல்லுங்கோ," என்றார்.

"வேதத்துல பொம்பளைங்க சொன்ன பாட்டும் இருக்குல்லா. ரிஷிகள்னே அவங்களைச் சொல்லுதீங்க. அப்புறம் ஏன் பொம்பளைங்க அதைச் சொல்லக்கூடாதுங்கீங்க?"

யக்ஞராமனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கு அவரிடம் ரொம்பப் பழைய பதில் இருந்தது. மூன்று காரணங்கள். உபநயனம் ஆனவருக்கே ஓதும் அதிகாரம், அது ஒன்று. முன் கல்பத்தில் பெண்களுக்கும் பூணூல் இருந்தது, அந்த ரிஷிகள் அந்தக் காலத்தவர், இந்தக் கல்பத்துக்கு அது விதியில்லை, அது இரண்டு. பெண்ணுக்கு விவாகமே உபநயனம், குடும்பம் நடத்துவதே ஓதுவதன் பலனைத் தந்துவிடும், அது மூன்று. மூன்றும் கச்சிதமானவை. இந்தப் பெண்மணி சாயங்காலத்துக்குள் கை அலம்பப் போய்விடுவாள்.

முறைப்படி பூர்வபட்சத்தை ஆரம்பித்தார். கேட்டவளைவிட நன்றாகவே சொன்னார். தாய்க்கு உரியதை மகளுக்கு மறுப்பது எப்படி நியாயம் என்றார். சொன்ன வாய்க்கே பூட்டா என்றார்.

"அதேதானே?" என்றார்.

தில்லைநாயகி டீயை ஒரு வாய் குடித்தாள். "நல்லாச் சொன்னீங்க. ஆனா நான் கேட்டது அது இல்ல பாத்துக்கிடுங்க."

இப்படி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் வேறு விதமாகச் சொன்னார். அதுவும் இல்லை என்றாள். அடுத்த நாள் சட்டம் படித்தவர் மாதிரி சொன்னார். பிறகு சரித்திரக்காரர் மாதிரி. பிறகு கோபக்காரர் மாதிரி எழுந்து நின்று, மேஜையைத் தட்டிச் சொன்னார். தில்லைநாயகி ஒவ்வொரு தடவையும் கவனமாகக் கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள். "கிட்டத்துல வாறீங்க. ஆனா அது இல்ல," என்றாள்.

"அப்போ என்னதான் கேட்கறேள்?"

"அதைச் சொல்ல வேண்டியது நீங்கல்லா?"

முறைப்படி அது சரிதான்.

அவள் தங்கிவிட்டாள். ஜன்னலோரத்துப் பல்லிக்கு எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று சொன்னாள். பல்லி விழுந்தால் என்ன பலன் என்று இவர் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து பல்லியைப் பார்த்தார்கள். பல்லி இருவர் பக்கமும் சாயாமல் அப்படியே இருந்தது. தில்லைநாயகி சாப்பிடும்போது பேசுவாள். வெண்டைக்காய் ஏன் கொழகொழக்கிறது என்று விளக்குவாள். ஆறிப்போன ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். ஒரு நாள் பூர்வபட்சம் சொல்லிக்கொண்டிருக்கையில், அவள் "அதேதான்" என்று சொல்லிவிடுவாளோ என்று தான் பயப்படுவதை யக்ஞராமன் கவனித்தார். கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே பிசகாகச் சொன்னார்.

"இல்ல," என்றாள் அவள்.

"நாளைக்குப் பார்ப்போம்," என்றார் அவர், நிம்மதியாக.

சபைச் செயலாளர் போன் செய்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். போனிலும் அது தெரியும்.

"என்ன ஸ்வாமி, இன்னும் முடியலையாமே. பஸ் ஸ்டாண்டுல அடுத்தடுத்த ஆட்சேபமெல்லாம் வந்து குவிஞ்சு கிடக்கு. சினிமாக் கொட்டகையில படுக்க வச்சிருக்கோம்."

"பூர்வபட்சத்தையே அந்தம்மா ஒத்துக்கலை."

"அமாவாசைக்குள்ள முடிச்சுடும். இல்லேன்னா சபை விதிப்படி ஆட்சேபம் உம்ம பேருக்கு மாறிடும்."

"மாறினா?"

"நீர்தான் ஆட்சேபம். பஸ் ஏத்தி விட்டுடுவோம். வேற ஊர்ல வேற பண்டிதர் உமக்குப் பதில் சொல்லுவார்." செயலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "நல்ல பண்டிதராப் பாத்து அனுப்பறேன். கவலைப்படாதேயும்."

யக்ஞராமன் போனை வைத்தார். தான் கை அலம்பிக்கொள்ளப் போகும் நடைவழி எந்த ஊரில் எப்படி இருக்கும் என்று யோசித்தார். தில்லைநாயகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். இந்தக் கேள்வியை எனக்கு முந்தி யாராவது உங்ககிட்ட நேர்ல கேட்டுருக்காங்களா?"

"நிறையப் பேர்."

"பஸ்ல வந்தவங்க இல்ல. இந்த வீட்டுல."

கேட்டிருந்தாள். பர்வதம். கல்யாணமான புதிதில், ஒரு காலை வேளையில், ஈரக் கையோடு வந்து நின்று என்னவோ கேட்டாள். அவர் மூன்று காரணம் சொன்னார். அவருடைய முதல் பதில் அதுதான். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நடைவழி ஒரு பாய் அகலத்துக்கு நீண்டது. வெயிலுக்குத் தரை விரிந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தன் பதில் அவருக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. அவள் கேட்டது நினைவில்லை.

சமையலறைக்குப் போன் செய்தார்.

"பர்வதம், நான்தான்."

"தெரியறது. ரசம் வந்துதா?"

"வந்துது."

"சூடு?"

"இல்லை."

"சரி."

அவளுக்குப் பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். ரேடியோ வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"நம்ம கல்யாணமான புதுசுல நீ சாஸ்திரத்தைப் பத்தி என்னவோ கேட்டியே. என்னது அது?"

"நான் சாஸ்திரத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டே. நான் மூணு காரணம் சொன்னேன்."

"ஆமாம். மூணு காரணம் சொன்னேள்."

"அப்போ கேட்டது என்ன?"

யாரோ அவளிடம் உப்பு போதுமா என்று கேட்டது போனில் விழுந்தது.

"போன்ல சொல்ற விஷயம் இல்லை. நேர்ல வாங்கோ."

"ரொம்ப தூரம் பர்வதம்."

"தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

யக்ஞராமன் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்க. போன் வந்தா நான் எடுக்கேன்," என்றாள் தில்லைநாயகி.

நடைவழி நேராகத்தான் போயிற்று. ஜன்னல் கிடையாது. இருந்தும் வெளிச்சம் இருந்தது. நடக்க நடக்கச் சுவரில் சுண்ணாம்பின் நிறம் மாறியது. ஒவ்வொரு நிறமும் தன்னுடைய ஒரு பதில் என்று அவருக்குத் தெரிந்தது. இந்த இடம் குதிரைக்கு. இந்த இடம் வருஷத்துக்கு. ஒவ்வொன்றும் நல்ல பதில். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்லுவார். ஆனால் ஒவ்வொன்றையும் நடந்து கடக்க வேண்டியிருந்தது. சில பதில்கள் ஒரு தெரு நீளம் இருந்தன. தலைக்கு மேலே கயிற்றில் டிபன் காரியர் எதிர்த் திசையில் ஊர்ந்து போயிற்று. வெந்தயக் குழம்பு வாசனை அடித்தது. கையை உயர்த்திப் பார்த்தார். எட்டவில்லை. அது கூடத்துக்குப் போகிற சாப்பாடு. அவருக்கு உண்டானது, அவர் இல்லாத இடத்துக்குப் போயிற்று.

வாய்விட்டுப் பேசிப் பார்த்தார். குரல் முன்னால் போயிற்று, திரும்பி வரவில்லை.

கடைசியில் தரை சிவப்பு சிமெண்டாக மாறியது. பர்வதத்துக்குச் சொன்ன முதல் பதில். ஒரு பாய் அகலம்தான் இருந்தது. அதைத் தாண்ட அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று.

சமையலறையில் கூட்டம்.

அளவு நாடாக்காரர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குதிரைக் கேள்வி கேட்ட மனிதர் பழையபடி தடித்து, சுவரோரம் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். இரட்டையரில் ஒருவர் தேங்காய் துருவினார். போன கல்பத்துக்குப் போனவரும் இருந்தார், கொஞ்சம் மங்கலாக. அவர் பதில் சொல்லி அனுப்பிய அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவர் கூடக் கொல்லைக்கதவைத் தாண்டவில்லை. எல்லோரும் அவரவர் கேள்வியை நிதானமாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். நடுவில் அடுப்பண்டை பர்வதம் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவருக்கு அது தெரியாது. போனில் நரை தெரிவதில்லை.

"வந்துட்டேளா," என்றாள்.

"இவாளெல்லாம் இங்கேயா இருக்கா?"

"பசியோட வந்தா. உக்காரச் சொன்னேன்."

"நீ என்ன பதில் சொன்னே இவாளுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்றதில்லை. கேக்கறா. கேட்டுண்டிருக்கேன். அதனால இருக்கா."

உட்கார அவர் இடம் தேடினார். எங்கும் இடம் இல்லை. "மாமி, இவர் என்ன கேட்க வந்திருக்கார்?" என்றார் நாடாக்காரர். கேள்வி இருப்பவர்கள் மட்டுமே அங்கே உட்காரலாம் போலிருந்தது. யக்ஞராமன் தன்னிடம் கேள்வி ஏதும் இருக்கிறதா என்று யோசித்தார். பதில்களாகவே வந்தன.

"முதல்ல நீ கேட்டதைச் சொல்லு," என்றார் மனைவியிடம். "அதுக்குத்தான் வந்தேன்."

பர்வதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போல்லாம் கார்த்தால ஸ்நானம் பண்ணிட்டு நீங்க ஒத்தையா உக்காந்து வேதம் சொல்லிண்டிருப்பேள். மூச்சு வாங்க நிறுத்துவேள் பாருங்கோ, அப்போ ஆத்துல ஒரே நிசப்தமா இருக்கும். எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. வந்து, 'தனியா சொல்றேளே, நானும் கூடச் சொல்லட்டுமா'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

தேங்காய் துருவுவதுகூட நின்றுவிட்டது.

மூன்று காரணங்களும் அவர் நாக்கு நுனிக்கு வந்தன. வந்து, அங்கே போக வேண்டிய இடம் தெரியாமல் நின்றன. அவர் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"இத்தனை நாள்ல என்னைப் பாக்கணும்னு தேடித்தா உனக்கு?"

அது கேள்விதான். உடனே மோர் குடித்தவர் நகர்ந்து, சுவரோரம் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார். யக்ஞராமன் உட்கார்ந்தார். தரை குளிர்ச்சியாக இருந்தது. பர்வதம் அவருக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தாள். அவளுடைய மூக்குத்தியில் அடுப்பு தெரிந்தது.

"தேடாம?" என்றாள் பர்வதம். "தினமும் தேடித்து."

"மாமி!" என்றார் இரட்டையரில் ஒருவர். "பதில் சொல்லிட்டேளே!"

பர்வதம் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் பெரிதாயின. எத்தனையோ பேருக்குச் சொல்லாமல் காத்த வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"சமாதானம்," என்றார் யக்ஞராமன். அதைச் சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது. எழுந்திருக்க அவர் விரும்பவில்லை. ஆனால் எழுந்தார். கை அலம்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாசற்படியைத் தாண்டினார்.

காலை வைத்த இடம் கூடம். கேள்வி தீர்ந்தவருக்குச் சமையலறையில் இடம் இல்லை போலிருந்தது.

தில்லைநாயகி அவருடைய இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வெந்தயக் குழம்பைச் சாப்பிட்டு முடித்து, அவருக்குப் பாதி வைத்திருந்தாள்.

"அமாவாசை நேத்தே முடிஞ்சிட்டுது ஐயா. செயலாளர் போன் பண்ணினாரு. ஆட்சேபம் இப்ப நீங்கதானாம். பதில் சொல்லுத ஆளா என்னைப் போட்டுருக்காங்க. பஸ் வாறதுக்குள்ள முடிச்சுட்டா வேற ஊருக்குப் போக வேண்டாமாம்."

"உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். கேள்வியை இவ்வளவு காலம் சுமந்தவளுக்குப் பதில் தெரியாம இருக்குமா?" எதிர் நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க. முறைப்படி உங்க பூர்வபட்சத்தைச் சொல்லுதேன். பொஞ்சாதி கேட்டது துணைக்கு. நீங்க சொன்னது சட்டம். இப்ப அவகிட்ட போகணும். போனா பதில் கிடைச்சு திரும்பிருதீங்க. இதுக்கு என்ன வழின்னு கேக்கீங்க. அதேதானே?"

அதேதான். ஒரு எழுத்து கூடவோ குறையவோ இல்லை. இவ்வளவு நல்ல பூர்வபட்சத்தை அவரே சொன்னதில்லை. அவளிடம் பதிலும் இருந்தது; அது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் அதைச் சொல்லக் காத்திருந்தாள்.

"இல்லை," என்றார் யக்ஞராமன். "நான் கேட்கறது அது இல்லை."

தில்லைநாயகி மிச்சக் குழம்பை மூடி வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரி. நாளைக்குப் பாப்போம்," என்றாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. அவரைக் கொண்டுபோக பஸ் வந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடைவழிக்குள் இறங்கினார். அது இன்னும் ஒரு பாய் நீண்டிருந்தது. பரவாயில்லை என்று நினைத்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கப் போவதில்லை. பதிலும் கொண்டுபோகவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் காலையில் வழக்கமாகச் சொல்லும் வேத பாகத்தை எடுத்தார். உரக்க, ஏற்ற இறக்கத்தோடு, பாதி அடி சொன்னார். சொல்லி நிறுத்தினார். மீதி அடியைச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பேசாமல் நடந்தார். எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த அடியில் பாதியைச் சொன்னார். நிறுத்தினார். நடந்தார்.